ஒன்பது பத்துக்குப் போட்ட கையெழுத்து

மயிலாப்பூர்
3 ஜூலை 2025

பிரியாம்மாவுக்கு சேட்டு எழுதுவது.

கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள், யாரும் சாகவில்லை. உங்கள் போன் அந்த மாடிப்படியோடு போய்ச் சேர்ந்துவிட்டது, உங்கள் அம்மா நம்பர் என்னிடம் இல்லை. நேரில் வரலாம் என்றால், இப்போதைக்கு யாரும் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்களாம். அதனால் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய எழுத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள், டிராயிங்கில் போடுவீர்களே, அந்த மாதிரி.

கை எப்படி இருக்கிறது? வலது கையாமே. உடைக்கிறதுதான் உடைத்தீர்கள், இடது கையை உடைத்திருக்கக் கூடாதா? கோபாலபுரத்துக்குப் போய் நீங்கள் விழுந்த அந்த மரப்படியைப் பார்த்துவிட்டு வந்தேன். காலால் தட்டினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. நானும் விழுந்துவிடப் போகிறேன் என்று வீட்டுக்காரர் கத்தினார். வீட்டை அளவெடுக்க வந்த பெண்ணிடம் இதை முதலிலேயே கத்தியிருக்கலாம்.

உங்கள் நாற்காலியில் பிரிண்ட் பேப்பர் உருளையை உட்காரவைத்திருக்கிறேன். உங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறது.

இப்போது சந்தோஷமான செய்தி. அனந்தராமன் சார் நம் ஆபீசில் எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்கிறாராம். வேலையில் அடிபட்டால் பணம் வருமாம். எனக்கே போன வாரம்தான் தெரியும். அதில் நம்மை ‘அலுவலக மற்றும் வரைபடப் பணியாளர்’ என்று எழுதியிருக்கிறார்கள். டீ போடுகிற நானும் வரைபடப் பணியாளர்! என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். “அப்போ ஒரு கோழி வரைஞ்சி காட்டு, பாக்கலாம்” என்றாள்.

அந்தக் கம்பெனியிலிருந்து ஸ்ரீஹரி என்று ஒரு தம்பி விசாரிக்க வந்தார். சார் வெளியே போயிருந்தார். தம்பி ரிஜிஸ்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

“ஜூன் பன்னெண்டாம் தேதி ஷண்முகப்ரியா ஆபீசுக்கு வந்தாங்களா?”

“வராம இன்னா சார்? ஒம்போது பத்துக்கெல்லாம் வந்துட்டாங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“என் கையால டீ வாங்கிக் குடிச்சாங்க சார். சக்கரை கம்மின்னு என்னைத் திட்டினு வேற போனாங்க.”

எல்லாவற்றையும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ரிஜிஸ்டரில் உங்கள் கையெழுத்தைப் போட்டது யார் என்று அவருக்கு எதற்கு? உங்களுக்கு லேட் மார்க் விழாமல் இந்தத் தடவையும் காப்பாற்றிவிட்டேன். குணமாகி வந்ததும் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வரைபடப் பணியாளர் சேட்டு


நங்கநல்லூர்
19 ஜூலை 2025

திரு. சேட்டு அவர்களுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

புதுப் போன் வந்துவிட்டது. உங்கள் பதினான்கு அழைப்புகளையும் பார்த்தேன். எடுக்கமாட்டேன். பேசினால் சிரிக்க வைத்துவிடுவீர்கள். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்கத் தோன்றாது.

இன்ஷூரன்ஸை மறுத்துவிட்டார்கள். காரணம் நீங்கள்.

அளவெடுக்கப் போவதும் வரைபட வேலையில் சேர்ந்ததுதான், அதில் சிக்கலே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சிக்கல் நேரத்தில். நான் விழுந்தது எட்டரைக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பது ஒன்பது மணி. ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருப்பது ஒன்பது பத்து. எலும்பு மூன்று இடத்தில் உடைந்து கட்டிலில் கிடந்தவள், பத்து நிமிஷத்தில் மயிலாப்பூருக்கு வந்து, அதே கையால் கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, சர்க்கரை குறைவு என்று திட்டியிருக்கிறாள். அதைக் கண்ணால் பார்த்த சாட்சியும் இருக்கிறார். கோபாலபுரம் வீட்டுக்காரரோ, நஷ்டஈடு கேட்பார்களோ என்று பயந்து, அவர்களிடம் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

வேலைக்கு வருமுன் சொந்த வேலையாக எங்கோ விழுந்துவிட்டு, ஆபீசும் நானும் சேர்ந்து கதை கட்டுகிறோம் என்று நினைக்கிறார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அன்றைக்கு நடந்ததை உள்ளபடி எழுதி அனுப்புங்கள். கீழே உங்கள் கையெழுத்து வேண்டும். உங்களுடையது.

ஷண்முகப்ரியா


பெரும்பாக்கம்
25 ஜூலை 2025

பிரியாம்மாவுக்கு,

ரேஷன் கார்டில்கூட என் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டதில்லை. உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவைதான் நான் செய்தது புரிந்தது.

காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன், சத்தியம். எட்டு வருஷப் பழக்கம் அம்மா. உங்களை யார் கேட்டாலும் என் வாய் தானாகச் சொல்லும்: “வந்துட்டாங்க, இங்கதான் கீறாங்க.” சார் கேட்டாலும் அதுதான், பில்டர் கேட்டாலும் அதுதான். அன்றைக்கு நீங்கள் நேரே கோபாலபுரம் போனது தெரிந்தும், ரிஜிஸ்டரில் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் கையும் தானாகப் போட்டுவிட்டது. கோட் போட்ட தம்பி ஒருத்தர் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டதும், இன்ஷூரன்ஸ் ஆள் என்பதே மறந்து, உங்களுக்குச் சம்பளம் பிடிக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். டீயும் சர்க்கரையும் யார் கேட்டார்கள்? நானாகச் சேர்த்தேன். நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேனா, நிறுத்த மனம் வரவில்லை.

ஆனால் நீங்கள் கேட்கிற மாதிரி எழுதிக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் சார்தான் சொன்னார்: “டேய் சேட்டு, பிரியாவை நாளைக்கு நேரே கோபாலபுரம் போகச் சொல்லிடு, வீட்டுக்காரர் எட்டு மணிக்குத்தான் இருப்பாராம்.” அதைத்தான் உங்களிடம் சொன்னேன். இப்போது சார் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, வேலை எல்லாம் ஆபீசுக்கு உள்ளேதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். “நாம ஒண்ணும் சொல்லிண்டு இருக்க வேண்டாம்டா” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கள்ளக் கையெழுத்து என்றால் போலீஸ் என்கிறார்கள். போலீஸ் வராவிட்டாலும் வேலை போகும். கோட்டூர்புரம் ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து எங்களைத் தூக்கி இங்கே போட்டபோது எங்கள் வரிசையில் பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது. நான் மட்டும் ரெண்டு பஸ் மாறி எட்டரைக்கு ஆபீஸ் கதவைத் திறக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் என்னை வேறு யார் கூப்பிடுவார்கள்?

வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள். உங்கள் நங்கநல்லூர் முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயருக்கு நான் வடைமாலை போடுகிறேன். அவர் அளவுக்கு மாலை போட ஒரு மாசச் சம்பளம் ஆகும், பரவாயில்லை.

இன்னொன்று. சொல்லலாமா என்று இந்த இடத்தில் பேனாவை ரெண்டு தடவை மூடினேன். அந்தக் கையெழுத்தை எனக்கு யார் கற்றுக்கொடுத்தது? உங்கள் அப்பா படுக்கையில் கிடந்த வருஷம், தினமும் லேட் ஆகிறது என்று, டிரேசிங் ஷீட்டில் பெரிதாகப் போட்டுக் காட்டினீர்களே. “கடைசிக் கோட்டை இழுக்காதீங்க அண்ணே, நான் சுழிச்சுதான் விடுவேன்” என்றீர்களே.

குத்திக்காட்டவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

சேட்டு


நங்கநல்லூர்
4 ஆகஸ்ட் 2025

என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எதுவும் போடாமல் ஆரம்பிக்கிறேன்.

நான்தான் கற்றுக்கொடுத்தேன். மறக்கவில்லை. முந்தைய கடிதத்தில் அதை எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதியிருக்கவேண்டும்.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடவில்லை. நடுவில் ஓர் அங்குலம் நிற்கிறது. சோற்றைப் பிசைந்தால் உருளாது. மவுஸைப் பிடித்தால் நழுவி ஓடுகிறது. ஒரு சின்னச் சமையலறையை வரைந்து பார்க்கலாம் என்று கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு சுவர் போட இருபது நிமிஷம். அதுவும் கோணல்.

இன்னொரு அறுவை செய்தால் விரல் சேரும் என்கிறார் டாக்டர். அதையும் செப்டம்பருக்குள் செய்யவேண்டுமாம், தள்ளிப்போட்டால் நரம்பு அப்படியே இறுகிவிடும். இன்ஷூரன்ஸ் வந்தால் செய்யலாம். வராவிட்டால் அம்மா வீட்டை விற்கலாம் என்கிறாள். இது நான் வரைந்து, நான் கட்டவைத்த வீடு. நங்கநல்லூரில் இவ்வளவு சின்ன மனையில் இரண்டு பக்கமும் காற்று வருகிற வீடு வேறு இல்லை.

மறுவிசாரணை கேட்டு எழுதியிருந்தேன். ஒத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 21, காலை பதினொன்று, தி.நகரில் அவர்கள் கிளையில். அனந்தராமன் சாரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். சாட்சி என்று உங்கள் பெயரும் இருக்கிறது.

நீங்கள் வேலையை இழக்கவேண்டும் என்று நான் கேட்க முடியாது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. இந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறேன்.

பிரியா


பெரும்பாக்கம்
12 ஆகஸ்ட் 2025

பிரியாம்மாவுக்கு,

உங்கள் இடது கை எழுத்து என் வலது கை எழுத்தைவிட நன்றாக இருக்கிறது. இது என்ன நியாயம்?

தூக்கம் இல்லை. வேலையிலும் கை ஓடவில்லை. நேற்று டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். எல்லோரும் துப்பினார்கள். சார் மட்டும் முழுவதையும் குடித்தார். அவருக்கும் மனசு இங்கே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சரி, இதுதான் நேரம் என்று அவர் அறைக்குள் போனேன்.

“சார், இருபத்தொண்ணாம் தேதி இன்னா சொல்லப் போறீங்க?”

“நீ என்ன சொல்லப் போறே?”

“நான்தான சார் முதல்ல கேட்டேன்.”

“விளையாடாதேடா. நான் அந்தப் படிவத்துல மேசை வேலை மட்டும்னு எழுதியிருக்கேன். அனுப்பினேன்னு ஒத்துண்டா, மறைச்சு எழுதினேன்னு என்னைப் பிடிப்பா.”

“அளவெடுக்கப் போறதும் நம்ம வேலைல சேர்த்தின்னு அவங்களே எழுதிக்கீறாங்களாம் சார்.”

“எழுதுவா. நாளைக்கு வேற மாதிரியும் எழுதுவா.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏண்டா, அந்தக் கையெழுத்து அவ போட்டதுதானே?”

அவர் தெரியாமல் கேட்கிறாரா, தெரிந்துகொண்டு கேட்கிறாரா, எனக்கு விளங்கவில்லை. என் வாய், எட்டு வருஷமாகத் தானாகப் பேசுகிற வாய், நேற்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. “போன் அடிக்குது சார்” என்று வெளியே வந்துவிட்டேன். போன் ஒன்றும் அடிக்கவில்லை.

நான் கெட்டவன் இல்லை பிரியாம்மா. நல்லவன் என்றும் இப்போது சொல்ல முடியவில்லை. வருவேன் என்றும் எழுதத் தைரியம் இல்லை, வரமாட்டேன் என்று எழுதக் கையும் வரவில்லை. கடற்கரை ஸ்டேஷனில் ரெண்டு ரயிலுக்கு நடுவே நிற்கிறவன் மாதிரி நிற்கிறேன்.

என் வீட்டுக்காரி எல்லாம் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: “அந்தப் பொண்ணு கையால நீ எட்டு வருஷம் எழுதிக்கினே. இப்போ அதுக்குக் கை இல்லை.” சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சும் இல்லை. வீட்டிலும் கடிதம்தான் எழுதவேண்டும் போலிருக்கிறது.

சேட்டு


அடையாறு, மருத்துவமனை
17 ஆகஸ்ட் 2025

சேட்டு அண்ணே,

தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. காய்ச்சல். பத்து நாள் இங்கே இருக்கவேண்டும் என்கிறார்கள். 21ஆம் தேதி என்னால் வர முடியாது. அதனால் என் வாக்குமூலத்தை எழுதி, அம்மா மூலம் அனுப்பிவிட்டேன்.

அதில் எழுதியது இதுதான்: ‘அன்று நான் ஆபீசுக்கு வரவில்லை. சொல்லப்பட்டபடி நேரே கோபாலபுரம் போனேன். ரிஜிஸ்டரில் இருப்பது என் கையெழுத்து அல்ல. பல வருஷமாக, நான் கேட்டுக்கொண்டதால், ஆபீசில் ஒருவர் எனக்காகப் போட்டுவந்தார். போடக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.’

இதனால் எனக்கு நல்லது நடக்காது, தெரியும். தினமும் ஏமாற்றியவள் இன்றைக்கு மட்டும் உண்மை பேசுகிறாளா என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் உங்கள்மேல் மட்டும் பழியைப் போட்டு என் விரலைச் சரிசெய்துகொள்ள வேண்டாம் என்று தோன்றியது.

நீங்கள் போகவேண்டாம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். இது கோபத்தில் எழுதுவது இல்லை.

பிரியா


பெரும்பாக்கம்
22 ஆகஸ்ட் 2025

பிரியாம்மாவுக்கு,

உங்கள் கடிதம் 20ஆம் தேதி வந்தது. போகவேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். போகச் சொன்னபோது போகத் தோன்றவில்லை, வேண்டாம் என்றதும் காலையில் குளித்து, மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது யார் என்று கேட்காதீர்கள். வீட்டில் பேச்சு திரும்ப வந்துவிட்டது.

தி.நகரில் அந்தக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. கீழே ஜவுளிக்கடைக் கூட்டம், மேலே போனால் ஏசி, ஒரே நிசப்தம். ஒரு நீள மேசை. ஸ்வர்ணலதா என்று ஒரு மேடம், அவர்தான் பெரியவர். பக்கத்தில் நம் ஸ்ரீஹரி தம்பி. எதிரே சார். ஓரத்தில் நான்.

மேடம் உங்கள் வாக்குமூலத்தை உரக்கப் படித்தார். ‘அவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, “யாருங்க அந்த ஒருத்தர்?” என்றார்.

சார் ஜன்னலைப் பார்த்தார். ஸ்ரீஹரி தம்பி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். பாவம், அதுவும் பழசு. எழுந்துவிட்டேன்.

“நான்தான் மேடம். சேட்டு. அன்னிக்கு ஒம்போது பத்துக்கு நான் போட்டேன். அப்போ அவங்க விழுந்ததே எனக்குத் தெரியாது. அவங்களுக்கு மட்டும் இல்ல மேடம், லேட்டா வர எல்லாருக்குமே போட்டுக்கினு கீறேன்.”

மேடம் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “போடுங்க பார்ப்போம்.”

போட்டேன். உங்களுடையதை முதலில். பிறகு ஆபீசில் இருக்கிற மற்ற அஞ்சு பேருடையதும். ஸ்ரீஹரி தம்பி ரிஜிஸ்டர் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். சார் எட்டிப் பார்த்தார். “அடப்பாவி, இத்தனை நாளா என் மூக்குக்கு முன்னாடியா போட்டுண்டு இருந்தே!”

“உங்களோடது மட்டும் வரல சார். நீங்க ஒவ்வொரு செக்குலயும் ஒவ்வொரு மாதிரி போடுறீங்க.”

மேடம் சிரிக்கவில்லை. “முன்னாடி விசாரணையில அவங்க டீ குடிச்சாங்கன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னைக்கு வரவே இல்லைங்கிறீங்க. ரெண்டுல எதை நான் நம்பறது?”

நியாயமான கேள்வி பிரியாம்மா. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அன்னிக்கு நான் சொன்ன பொய்யால என் வேலை பத்திரமா இருந்துச்சு மேடம். இன்னிக்கு சொல்றதால போயிடும். எதை நம்பறதுன்னு நீங்களே பாத்துக்கங்க.”

மேடம் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு சார் பக்கம் திரும்பினார். “நேரே போகச் சொன்னது யாரு?”

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார்.

“நான்தான்,” என்றார். “சாயங்காலமே சொல்லி அனுப்பினேன். அந்தப் படிவத்துல வெளி வேலை இல்லேன்னு எழுதினதும் நான்தான். அவ பொய் சொல்லலே.”

அதற்காக அவர் கட்டுகிற இன்ஷூரன்ஸ் தவணையை ஏற்றுவார்களாம், வேறொன்றும் செய்யமாட்டார்களாம். இதற்கா மனுஷன் ரெண்டு மாசம் டீயில் உப்பு தெரியாமல் இருந்தார்! முடிவை எழுதி அனுப்புவதாகச் சொன்னார்கள். மேடம் பேனாவை மூடிய விதம் நல்லதாகத்தான் தெரிந்தது, ஆனால் மேடம்கள் பேனாவை எப்படியும் மூடுவார்கள்.

கீழே இறங்கியதும் சார் ஆபீஸ் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். “உன்மேல எனக்குக் கோபம் இல்லடா. ஆனா ஆறு பேர் கையெழுத்தையும் போடறவனை வச்சுண்டு நான் எப்படி ஆபீஸ் நடத்தறது?” என்றார். அவர் சொன்னதும் சரிதான். பாண்டி பஜார் வரைக்கும் ரெண்டு பேரும் ஒன்றாக நடந்தோம். பிரியும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்றார்.

இன்றைக்குக் காலை நாலரைக்கே விழித்துக்கொண்டேன். எங்கே போவது என்று தெரியாமல் பஸ்ஸைப் பிடித்து மயிலாப்பூர் குளம்வரை போய்விட்டுத் திரும்பினேன். கண்டக்டர், “இன்னா நைனா, போன வேகத்துல வர்றே?” என்றான். வாக்கிங் என்றேன்.

காய்ச்சல் இறங்கியதா? அதை மட்டும் எழுதுங்கள்.

சேட்டு


நங்கநல்லூர்
16 செப்டம்பர் 2025

சேட்டு அண்ணே,

காய்ச்சல் என்றைக்கோ இறங்கிவிட்டது. உங்களுக்கு எழுத ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தேன். சாவியைக் கொடுத்தேன் என்று நீங்கள் எழுதிய இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிடுவேன். அதற்கு என்ன பதில் எழுதுவது?

முடிவு நேற்று வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். வேலையின்போது நடந்த விபத்து என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா அந்தக் காகிதத்தைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். வீட்டை விற்கும் பேச்சு போய்விட்டது.

விரல் முழுவதும் சேருமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. பாதி சேர்ந்தாலும் மவுஸைப் பிடித்துவிடுவேன் என்று சொன்னேன். பயமாக இருக்கிறது, அண்ணே. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அனந்தராமன் சார் வந்து பார்த்தார். டீ மகா மோசமாக இருக்கிறதாம். உங்களைப் பற்றி அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கத்தான் போகிறேன், கை சரியாகட்டும்.

அறுவை 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அடையாறில் அதே மருத்துவமனை. காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், எட்டு மணிக்கு என்னை உள்ளே கொண்டுபோவார்கள். சம்மதப் படிவத்தில் நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். அம்மாவால் முடியவில்லை, பேனாவைப் பிடித்ததும் அழுகிறாள். உறவுமுறை என்ற இடத்தில் ‘அண்ணன்’ என்று நானே எழுதிவிட்டேன். உங்களுக்கு வேலை கீழே இருக்கும் கோட்டில்தான்.

பிரியா